துரையின் காலில் விழும் காட்சி

சினிமா கம்பெனியின் புரொடக்ஷன் மேனேஜர் வந்தபோது நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். ராயபுரத்தில் எங்களுடையது அரிசி மொத்தக் கடை. அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து போட்டது. அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது, கடையை நான்தான் நடத்துகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் தெருவில் எனக்கு 'அண்ணாச்சி பொண்ணு' என்றுதான் பெயர்.

அவருக்கு லாரி நிறைய மூட்டைகள் வாடகைக்கு வேண்டுமாம், அதுவும் சணல் சாக்கில். இப்போது அரிசியெல்லாம் பிளாஸ்டிக் பையில் வருகிறது, சணல் சாக்கை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"பழைய காலத்துப் படம்மா. வெள்ளைக்காரன் காலத்துத் தாது வருஷப் பஞ்சம். ஹார்பர் பக்கத்துல ஒரு பாழடைஞ்ச குடோன்லதான் ஷூட்டிங்" என்றார்.

தாது வருஷம் என்றதும் அவரை நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் அது புழங்குகிற சொல். அப்பாவுடைய தாத்தாவின் கூடப் பிறந்தவர்கள் அந்தப் பஞ்சத்தில்தான் இலங்கைக்கு, கண்டிச் சீமைக் காப்பித் தோட்டத்துக்குப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான், ஒரு செய்தியும் வரவில்லை. தட்டில் சோறு மீந்தால் அப்பா கத்தமாட்டார். "நீ தாது வருசத்துல பொறந்திருக்கணும்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். பின்னால் நானே நூலகத்தில் தேடித் தேடி அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் படித்தேன். இதே மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலை மலையாகக் கிடந்தன, அவற்றுக்குப் போலீஸ் காவல் இருந்தது. காவலுக்கு இந்தப் பக்கம் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரி வைத்த விலையில் சர்க்கார் கை வைக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. எலும்பும் தோலுமாக வந்தவர்களை மண் வெட்டச் சொல்லித்தான் கூலி கொடுத்தார்கள், அந்தக் கூலியும் தின்று பிழைக்கப் போதாது. நகரத்துக்குள் ஓடுகிற பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அப்படி வெட்டியதுதான். அத்தனைக்கும் நடுவில் இந்தத் தேசத்துக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டே இருந்தது.

இதையெல்லாம் ஒருவர் படமாக எடுக்கிறாரா? மேனேஜருக்கு டீ வரவழைத்தேன். எங்கெங்கோ அலைந்து பழைய சாக்கு பிடித்தேன். பாதிக்கு மேல் உமி அடைத்தோம். முன்வரிசை மூட்டைகளைக் கிழித்துக் கொட்டுவார்களாம், அதனால் அவற்றில் நிஜ அரிசி.

ஆள் பிடிக்கிற ஏஜென்ட்டும் எங்கள் தெருவுக்கே வந்தான். ஒல்லியாக, கறுப்பாக, கன்னம் ஒட்டிப்போனவர்கள்தான் வேண்டும் என்று மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினான். கொஞ்சம் சதை இருந்தவர்களைத் தள்ளிவிட்டான். முதலில் தேறியவர் காசிமேட்டில் மீன் எடுத்து எங்கள் தெருவில் விற்கிற அக்கா. அறுபத்தைந்து வயதிருக்கும். மகனுக்கு விசைப்படகில் வேலை. நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் அவர் அன்னக்கூடையிலிருந்துதான்.

"ஒரு நாளு பொணமா படுத்துகினு இருந்தா, மீன் வித்தா வர்றதவிட ஜாஸ்தி தராங்களாம் தங்கச்சி" என்று சிரித்தார்.

அந்தப் பஞ்சம் என்ன பஞ்சம் என்று கேட்டார். நான் படித்ததைச் சொன்னேன். கடற்கரையில் மூட்டைகள் கிடந்ததைச் சொன்னபோது, "இங்கியா? நம்ப பக்கத்துலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஷூட்டிங் அன்று மூட்டைகளோடு நானும் போனேன். குடோன் வாசலில் எங்கள் தெருப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு மேக்கப் ஆள் அவர்கள் முகத்திலும் கையிலும் கரி பூசிக்கொண்டிருந்தான்.

"ஏற்கெனவே கறுப்பாத்தான கீறோம், இதுக்கு மேல இன்னாத்துக்குக் கரி?" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உள்ளே என் மூட்டைகளை மலையாக அடுக்கியிருந்தார்கள். காக்கியும் சிவப்பும் போட்ட சிப்பாய்கள் துப்பாக்கியோடு சுற்றி நின்றார்கள். பரவாயில்லை, உண்மையை எடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகுதான் அசிஸ்டென்ட் டைரக்டர் மைக்கைப் பிடித்துக் காட்சியை விளக்கினான். பசியில் ஜனங்கள் தரையில் கிடக்கிறார்கள். கலெக்டர் துரை குதிரையில் வருகிறார். அந்தக் கொடுமையைப் பார்த்துக் கண் கலங்குகிறார். மூட்டைகளைப் பதுக்கிய தொப்பைக்கார வியாபாரியைச் சவுக்கால் அடிக்கிறார். மூட்டையைக் கிழிக்கச் சொல்கிறார், அரிசி கொட்டுகிறது. ஒரு தாய் ஓடிவந்து துரையின் காலில் விழுந்து, "நீங்கதான் எங்க சாமி" என்று கதறுகிறாள்.

அந்தத் தாய் அக்காதானாம். முகம் நன்றாக இருக்கிறது என்று டைரக்டரே தேர்ந்தெடுத்தாராம்.

வியாபாரியைக் காட்டியது எனக்கு வலிக்கவில்லை. பதுக்கியவர்கள் இருந்தார்கள், பணம் பண்ணியவர்கள் இருந்தார்கள், அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வியாபாரியின் மூட்டைக்குக் காவல் போட்டது யார்? விலையைத் தொடாதே என்று உத்தரவு போட்டது யார்? வயல் வெடித்துக் கிடந்த வருஷத்திலும் வரியைக் கேட்டு வாசலுக்கு ஆள் அனுப்பியது யார்? அந்தக் கலெக்டரின் சர்க்கார்தானே! அந்த ஆளைக் குதிரையில் ஏற்றிக் கண்ணீர் விடவைக்கிறார்களே!

நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அக்கா வாயைத் திறந்துவிட்டார்.

"தம்பி, ஒரு நிமிசம். மூட்டைக்குக் காவலு போட்டவன் அவன்தான?"

"ஆமாம்மா, கதைப்படி..."

"அவனே பூட்டி வெச்சிகினு, அவனே தொறந்து உட்டா, நான் இன்னாத்துக்கு அவன் காலுல வுழணும்?"

"ஆயா, இது நடிப்புதான்."

"தெரியும்பா. பொணமா படுக்கச் சொல்லு, நாளு முச்சூடும் படுக்கறேன். சோறு கேட்டு அழச் சொல்லு, அழறேன். காலுல மட்டும் வுழமாட்டேன்."

அவன் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்கமுடியவில்லை. கலெக்டர் வேஷக்காரர் குதிரைக்குப் பக்கத்தில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். புதுச்சேரியில் குடியிருக்கிற வெளிநாட்டுக்காரராம், பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் நேராக டைரக்டரிடம் போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல படிப்பு படித்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"சார், இது அப்படி நடக்கலை. இந்தக் கடற்கரையில ஜனங்க அரிசியைப் பார்த்துக்கிட்டே செத்திருக்காங்க. யாரும் குதிரையில வந்து மூட்டையைக் கிழிச்சுக் கொட்டலை."

"நல்ல வெள்ளைக்காரங்களும் இருந்தாங்க மேடம்."

"இருந்திருப்பாங்க. இரக்கப்பட்டு எழுதினவங்க, கஞ்சி ஊத்தினவங்க இருந்தாங்க. அவங்களாலயும் அந்த உத்தரவை மாத்த முடியலையே, அதை எடுங்களேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவங்க வரலைன்னா இந்த ஹார்பர் ஏது, ரயில் ஏது? நீங்க மூட்டை வியாபாரமே பண்ணியிருக்க முடியாது."

"ரயில் வந்த ஊர்லயும் செத்தாங்க சார். அந்த ரயில்லதான் கோதுமை துறைமுகத்துக்குப் போச்சு."

"மேடம், உங்களுக்கு மூட்டைக்குத்தான் வாடகை. கதைக்கு இல்லை."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அப்ப என் மூட்டை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வெளியே நின்ற எங்கள் கடை ஆட்களைக் கூப்பிட்டேன். "லாரியைப் பின்னால எடுங்க, எல்லாத்தையும் ஏத்துங்க."

மேனேஜர் ஓடிவந்தார். ஆட்கள் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். ஒருவர் மூட்டைக்குக் கை கொடுத்துத் தூக்கவும் தூக்கிவிட்டார். அப்போது தரையில் பிணமாகக் கிடந்தவர்களில் ஒரு பெண் எழுந்து வந்தாள். பக்கத்துச் சந்துக்காரி, இரண்டு பிள்ளைகள், புருஷன் சாத்தாங்காட்டில் இரும்பு ஏற்றி இறக்கப் போகிறவன். முகமெல்லாம் கரி.

"இன்னா அண்ணாச்சி பொண்ணு, உனுக்குக் கடை கீது. நீ கோச்சிகினு பூடுவ. எங்க கூலிய யாரு குடுப்பா? காலையில புள்ளய வுட்டுட்டு வந்து இங்க கெடக்கறோம்."

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரத்திலேயே பெரிய ஆத்திரம் அப்போது வந்ததுதான். டைரக்டர்மேல் வந்ததைவிடப் பெரியது. யார்மேல் என்றுகூடச் சொல்லத் தெரியாத ஆத்திரம். மூட்டையை இறக்கிவைக்கச் சொன்னேன்.

தாய் வேஷத்தை அந்தப் பெண்ணுக்கே கொடுத்தார்கள். அக்கா கரியைக் குழாயில் கழுவிவிட்டு, வெளியே ஒரு இரும்புக் கம்பத்தின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். பிணமாகவாவது படுக்கச் சொல்வார்கள் என்று பார்த்தார். "தகராறு பண்ற ஆளு வேணாம்" என்று அசிஸ்டென்ட் சொல்லிவிட்டான். நான் கூலியைத் தருகிறேன் என்றேன்.

"நீ ஏன் தர்ற? நீயா கூப்ட்ட?" என்று கையைத் தட்டிவிட்டார்.

உள்ளே அந்தப் பெண் திரும்பத் திரும்பக் காலில் விழுந்தாள். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு மூட்டை கிழிந்தது. "எங்க சாமி, எங்க சாமி" என்ற கதறல் வெளியே எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நடிப்புதான். ஆனாலும் அக்கா கடைசிவரை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

படம் வெளிவந்தபோது வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். அந்தக் காட்சி ஒரு நிமிஷம்கூட இல்லை. குதிரை வந்தது, சவுக்கு சுழன்றது, அரிசி கொட்டியது. பின்னணி இசை பொங்கியது. அவள் விழுந்தாள். தியேட்டரில் கைதட்டினார்கள், விசில்கூட அடித்தார்கள். நான் எழுந்து நின்று, "பொய்! அத்தனையும் பொய்!" என்று கத்திவிட்டேன். பின்வரிசையில் ஒருவர், "உக்காரும்மா, மறைக்குது" என்றார். வீட்டுக்காரர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

திரும்பி வரும்போது அவர், "படம்தானே, விடு. இதுக்குப் போய் ஏன் ரத்தக் கொதிப்பை ஏத்திக்கிற?" என்றார். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. படம்தானே என்பதால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நூலகத்துப் புத்தகத்தை எத்தனை பேர் எடுப்பார்கள்? எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இனி தாது வருஷம் என்றால் அந்தக் குதிரைதான். தின்னக் கொடுக்காமல் சாகவிட்டவனை, அவனால் செத்தவர்களின் வம்சத்தை வைத்தே கும்பிடவைத்துவிட்டார்கள். அதற்கு மூட்டை கொடுத்தது என் கடை.

படம் பார்த்த மறுநாள் காலை அக்கா வஞ்சிரத்தோடு வாசலுக்கு வந்தார்.

"பாத்தியா?"

"பார்த்தேன்."

"வுழுந்தாளா?"

"விழுந்தா."

"ஜனங்க இன்னா பண்ணுச்சி?"

"கை தட்டுச்சு அக்கா."

அக்கா கூடையை இறக்கி வைத்தார். தெருவைப் பார்த்து, "தூத்தேறி!" என்று காறித் துப்பினார். பிறகு, இட்லி அரிசி இரண்டு கிலோ போடச் சொல்லிவிட்டு, எனக்கு மீனை நறுக்க உட்கார்ந்தார்.