சிக்னலில் அணையும் எஞ்சின்

புன்னைக்காயல் ஈவாஞ்சலின் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. டிரைவிங் பள்ளியில் உடன் படித்தவர்களில் பாதிப்பேர் அவரை டீச்சர் என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள். முதல் டெஸ்ட்டில் தோற்றார். இரண்டாவதில் தேறினார்.

அவர் கணவர் அமலன், வள்ளத்தில் கடலுக்குப் போனவர். எஞ்சின் அவர் பொறுப்பு. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பிறகு செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் தூத்துக்குடிக்கு டயாலிசிஸுக்குப் போயாக வேண்டும். முதலில் பஸ்ஸில்தான் போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை திரும்பும் வழியில், உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்த அமலன் மயங்கிச் சரிந்தார். அடுத்த மாதம் ஈவாஞ்சலின் ஆறுமுகநேரியிலிருந்து ஒரு பழைய மாருதி 800 வாங்கி வந்தார். கார்புரேட்டர் வைத்த மாடல்.

இரண்டு வருடம் கார் ஒழுங்காகப் போனது. கடைசி எட்டு மாதமாகத்தான் தகராறு. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் உதறும், பிறகு அணைந்துவிடும். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் பின்னால் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும். பின் சீட்டில் அமலன் துவண்டு கிடப்பார். ஈவாஞ்சலின் சாவியைத் திருகிக்கொண்டே இருப்பார். இந்தத் தடவையும் சரியாகாவிட்டால் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மறுபடி பஸ்தான் என்று முடிவு செய்திருந்தார்.

டயாலிசிஸ் நான்கு மணி நேரம். இந்த வெள்ளிக்கிழமையும் அமலனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, முத்தையாபுரத்தில் செந்தூர்வேலின் ஒர்க் ஷாப்புக்கு வந்தார். எட்டு மாதத்தில் மூன்றாவது தடவை.

"உப்புதான்க்கா. வழி நெடுக உப்பளம். காத்துல வந்து கார்புரேட்டர்ல அடைச்சிருது. கழட்டிக் கழுவிருவோம்" என்றார் செந்தூர்வேல்.

இந்தக் கரையில் எது கெட்டாலும் உப்புதான் காரணம். கதவு இறுகினாலும் உப்பு, டி.வி. மங்கினாலும் உப்பு. ஈவாஞ்சலினும் அதை நம்பித்தான் இரண்டு முறை கழுவக் கொடுத்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். உப்பு அடைச்சா ஓடும்போதும் திணறணும்லா? நிக்கும்போது மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துது?"

செந்தூர்வேல் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நீங்க கேக்கது நியாயம். ஸ்டார்ட் பண்ணுங்க. ஆக்சிலேட்டரத் தொடாதீங்க."

எஞ்சின் உதறியபடி ஓடியது. அவர் கார்புரேட்டரைக் கழற்றவில்லை. ஊசி போடுகிற சிரிஞ்சில் தண்ணீரை எடுத்தார். கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒன்றும் மாறவில்லை. பின்பக்கம் போகிற, விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் குழாயின் மேல் விட்டார். உதறல் சட்டென்று நின்றது. இரண்டு வினாடி. தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டதும் மறுபடி உதறல்.

"இங்கனதான் காத்து இழுக்கு. வேகமா ஓடும்போது எஞ்சின் நெறையக் காத்து குடிக்கும், இந்தக் கொஞ்சம் அதுக்குத் தெரியாது. நிக்கும்போது குடிக்கதே கொஞ்சம். அப்ப இது பெருசு."

குழாயைப் பிடித்து இழுத்தார். பாதி கையோடு வந்தது. மென்று துப்பிய மிட்டாய் மாதிரி பிசுபிசுத்தது. செந்தூர்வேல் முகம் மாறியது.

"இத நான் ரெண்டு தடவ மாத்திருக்கேன். கார்புரேட்டரக் கழட்டும்போது இதையும் புதுசு போட்டுருவேன். கழுவினதாலதான் சரியாச்சுன்னு நெனச்சோம். குழாய மாத்தினதாலதான் சரியாயிருக்கு. ஆனா நாலு மாசத்துல எப்படி இப்படி ஊறும்?" விரலை முகர்ந்து பார்த்தார். "அக்கா, இதுல மீன் எண்ணெய் யாரு தடவுதா?"

"உங்க அண்ணாச்சிதான்" என்றார் ஈவாஞ்சலின்.

"புன்னைக்காயல் காருன்னா மீன் வாடை வரத்தான செய்யும்னு இத்தன நாளா விட்டுட்டேன். ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுக்கா. அண்ணாச்சிட்ட சொல்லிருங்க."

குழாய் மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மீன் எண்ணெய் தடவுவது அமலன். வள்ளத்துப் பலகைக்குக் கடல் அரிக்காமல் இருக்கப் பூசுகிற அதே எண்ணெய். கடலுக்குப் போகக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, அவருக்கென்று மிஞ்சியது அந்த ஒரு வேலைதான். பானெட்டுக்குள் துருவைப் பார்த்த நாளிலிருந்து, இந்த ஒரு வருடமாக, சாயங்காலம் அதைத் திறந்து, பழைய துணியை எண்ணெயில் முக்கி, இரும்பு, ரப்பர் என்று பார்க்காமல் ஒவ்வொன்றாகத் துடைப்பார். அப்போது மட்டும் வலியைப் பற்றிப் பேச மாட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சிக்னலில் கார் அசையாமல் நின்றது. கண்ணைத் திறக்காமலே அமலன் கேட்டார். "நல்லா நிக்கே. என்ன செஞ்சான்?"

"வீட்டுல போயி சொல்லுதேன்."

உப்பளங்களுக்கு நடுவே வருகிற வழியெல்லாம் ஈவாஞ்சலின் வார்த்தை தேடினார். மறைத்துவிடலாம். ஆனால் அவர் தடவினால் மறுபடி அணையும். டின்னை ஒளித்து வைக்கலாம். அவர் வேறு டின் வாங்குவார்.

சாயங்காலம் அமலன் டின்னை எடுத்தார்.

"அத வைங்க."

"ஏன்? காத்து எப்படி அடிக்கு பாரு. விட்டா துரு தின்னுரும்."

"துரு தின்னல. உங்க எண்ணெய்தான் ரப்பரத் தின்னுருக்கு."

சிரிஞ்சு, குழாய், செந்தூர்வேல் முகர்ந்து பார்த்தது எல்லாவற்றையும் சொன்னார். அமலன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப எட்டு மாசமா உன்ன நடுரோட்டுல நிப்பாட்டுனது நான்தானா?"

'முழுக்க அப்படியில்ல' என்று ஈவாஞ்சலினுக்கு வாய் வரை வந்தது. எஞ்சினோடு இத்தனை வருடம் பழகியவரிடம் அது எடுபடாது. "ஆமா" என்றார்.

மூன்று நாள் அமலன் கார் பக்கமே போகவில்லை. சாயங்காலம் ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ஈவாஞ்சலினுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

செவ்வாய் காலை சாவியோடு வெளியே வந்தபோது பானெட் திறந்திருந்தது. அமலன் குனிந்து நின்றார். கையில் துணி இல்லை.

"ஏளா, ஸ்டார்ட் பண்ணு."

உள்ளங்கையை எஞ்சின் மூடியின் மேல் வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். "சும்மா நிக்கும்போதே வேகம் கூட ஓடுது. வேகம் வைக்குத ஸ்க்ரூவ கொஞ்சம் குறைக்கணும்."

"செந்தூர்வேல் வச்சதத் தொட்டீங்க, நடந்துதான் வரணும்."

"தொட்டனா? சொல்லத்தான செய்யுதேன்." ஒரு ரப்பர் குழாயை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். "இது எங்கன போவுது?"

"எனக்கு என்ன தெரியும்."

"அப்ப அவன்ட்டதான் கேக்கணும். வரும்போது அங்கன நிப்பாட்டு."

"வரும்போது நீங்க கண்ணே தொறக்க மாட்டீங்க."

"அப்ப போவும்போது நிப்பாட்டு."

அன்றைக்கு அவர்கள் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார்கள்.