குட்டையாகக் கட்டிய தோணி

சேற்று அணையின் மேல் என் மனைவி அஞ்சலை முன்னால் நடந்தாள். அவள் தலையில் தோணியின் பாய்ச்சீலை, ஈரத்தோடு சுருட்டியது. அரிசிப் பானையையும் சுக்கான் கட்டையையும் சுமந்துகொண்டு நான் பின்னால் போனேன். சுக்கான் கட்டையை ஏன் தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. தோணி எங்களுக்குப் பின்னால், பேராக் ஆற்றங்கரையில், மூக்கில் ஓட்டையோடு கிடந்தது.

"திரும்பிப் பாக்காம வாய்யா. பாத்தா மட்டும் எந்திரிச்சு வரப் போவுதா?"

இந்த வழியே போக நினைப்பவர்களுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஈப்போ பக்கத்துச் சிலிபினில் நான் மாட்டுவண்டி ஓட்டினேன். ஈப்போவில் லோரிகள் வந்த பிறகு வண்டிக்குப் பாரம் கிடைப்பது நின்றுபோனது. திரும்ப ரப்பர் தோட்டத்துக்கே போகலாம் என்றேன். அஞ்சலை மாட்டேன் என்றாள். பிறந்ததிலிருந்து விடியுமுன் தப்புப் பறை அடித்ததும் ஓடிப்போய்ப் பெரட்டு என்ற ஆள்கணக்கு வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டால் குரல் கொடுத்தவள் அவள். "இனிமே எவன் முன்னாலயும் வரிசையில நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஆறு கடலில் சேரும் பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில், சொந்தத் தோணியோடு வருகிறவனுக்குக் கொப்பரை ஏற்றும் வேலை உண்டு என்று அங்கிருந்து வந்த ஒருவன் சொன்னான். கேட்டதும் வண்டியை ஓட்டிக்கொண்டு தெலுக் அன்சன் வந்தோம். ரயிலில் வருகிறவர்கள் தாப்பா ரோட்டில் மாறி ஏற வேண்டும். வண்டியில் வந்தால் மாறவேண்டியதில்லை, புழுதி தின்றால் போதும்.

தெலுக் அன்சனில் ஒரு சீனருக்கு வண்டி தேவைப்பட்டது. அவரிடம் பாய் வைத்த பழைய தோணி இருந்தது. மாடுகளையும் வண்டியையும் கொடுத்துத் தோணியை வாங்கினோம். ஒரு சாயங்காலம் முழுக்க ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். "தண்ணி இறங்கும்போது போ, ஏறும்போது தூங்கு" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். புரிந்தது என்று தலையாட்டினேன்.

ஆறு அங்கே கடல்போல் அகலம், கடலோடு சேர்ந்து ஏறும், இறங்கும். தண்ணீர் தேயிலைச் சாயம். இரண்டு கரையிலும் நீப்பாப் பனையின் ஓலை, அதற்கப்பால் கண்டல் காடு. கால் வைக்கத் தரை கிடையாது, குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது, கொசு மட்டும் குறைவில்லாமல் கிடைக்கும். பாகான் டத்தோவுக்கு முப்பது மைல் என்றார்கள். அந்த மைலை அளந்தவன் பாய்த்தோணியில் போகாதவனாக இருக்க வேண்டும்.

மாட்டை வலது பக்கம் இழுத்தால் வலது பக்கம் போகும். சுக்கானை வலது பக்கம் தள்ளினால் தோணி இடது பக்கம் போகிறது. இது எனக்குக் கடைசிவரை பழகவில்லை. அஞ்சலை பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீப்பாவுக்குள் இருந்து மூன்றாவது தடவை வெளியே வந்தபோது, முகத்தில் விழுந்த ஓலையை விலக்கிவிட்டுக் கேட்டாள்:

"கடலுக்குப் போறோமா, இல்ல மாட்டுக்குத் தழை அறுக்கப் போறோமா?"

"நீ கயித்தை விட்டா நான் என்ன செய்யறது?"

"நான் விடல. உன் தோணிதான் இழுக்குது லா!"

மறுநாள் காலையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்த வேகத்தில் சீனர் சொன்னது நினைவில் இல்லை. ஏறுகிற தண்ணீரை எதிர்த்து இருவரும் துடுப்புப் போட்டோம். ஒரே மரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளங்கைத் தோல் உரிந்து ஒரு மலாய்க் கிராமத்துத் துறையை அடைந்தபோது ஏற்றம் உச்சத்தில் நின்றது. இனி இறங்கப்போகும் தண்ணீர் சும்மாவே எங்களைக் கொண்டுபோய் விட்டிருக்கும். நாங்கள் அங்கேதான் தோணியைக் கட்டினோம்.

கட்டினது நான். இரண்டு முனையையும் துறையின் உயரமான இரண்டு கம்பங்களில், அசையாதபடி, கயிற்றைக் குட்டையாக இழுத்து முடிச்சுப் போட்டேன். நீளமாக விட்டால் மாடு அடுத்தவன் கொல்லையில் மேயும். வண்டிக்காரன் கை வேறு எப்படிக் கட்டும்? கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு மரநிழலில் படுத்தோம்.

அஞ்சலையின் கத்தல் கேட்டு எழுந்தேன். ஆறு கீழே போயிருந்தது. தோணி மேலேயே இருந்தது. இரண்டு கயிற்றில் தொட்டில்போல் தொங்கி, ஒருபக்கம் சாய்ந்து, எங்கள் உப்பையும் கருவாட்டையும் பாதி அரிசியையும் சேற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. பாரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. கத்தியால் முன்கயிற்றை அறுத்தேன். பின்கயிற்றைப் பற்றி யோசிக்கவில்லை. தோணி மூக்குக் குப்புற விழுந்து, கீழே நின்ற ஒடிந்த கண்டல் முளையில் குத்திக்கொண்டது.

துறைக்காரர் வந்தார். நரைத்த மலாய்க்காரர். ஓட்டையைப் பார்த்தார், கம்பத்தில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார்.

"என்ன குற்றம் செய்ததென்று இதைத் தூக்கில் போட்டாய்?"

அஞ்சலை சிரித்துவிட்டாள். பிறகு சேற்றைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் அவள் பக்கம் போகவில்லை. அந்தப் பலகை தேறாது, கோழிக்கூட்டுக்கு ஆகும் என்றார் துறைக்காரர். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர்தான் அணைமேல் நடந்தால் இருட்டுமுன் தென்னந்தோட்டம் வரும் என்று வழி காட்டினார்.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தேவசகாயம் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"தோணி வேலைக்கா வந்தே? தோணி எங்கப்பா?"

சுக்கான் கட்டையைக் காட்டினேன்.

"மிச்சம் பின்னால வருதா?"

கொப்பரைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். அஞ்சலையைத் தேங்காய் உரிக்கும் வேலையில் சேர்த்து, தொழிலாளர் லயத்தில் ஓர் அறை கொடுத்தார். கதவு இல்லாத வாசலில் அஞ்சலை தோணிப் பாயைக் கட்டித் தொங்கவிட்டாள்.

விடியுமுன் தப்பு அடித்தது. வண்டிக்காரனுக்குப் பெரட்டு கிடையாது, நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போகலாம். தேங்காய் உரிக்கிறவர்களுக்கு உண்டு. நான் மாடு பூட்டிக்கொண்டிருக்கும்போது கிராணி பேர் கூப்பிடுவது கேட்டது. "அஞ்சலை!" நுகத்தைப் பிடித்தபடி நின்றேன்.

"இருக்கேன்யா."

முதல் பாரம் தோணித்துறைக்கு. கொப்பரைக்கு யாரோ ஒருவனுடைய தோணி வந்து நின்றது. அதன் கயிறு துறையிலிருந்து நீளமாகத் தொய்ந்து தண்ணீரில் கிடந்தது. மூட்டைகளை இறக்கும்வரை மாடுகளை அவிழ்த்து ஒரு தென்னையில் கட்டினேன். குட்டையாகத்தான்.