வைகைப் பாலத்தோடு நின்ற கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, காத்து கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறேன். யாராவது "எங்க மாடியில சலங்கைச் சத்தம் கேக்குது" என்று ஆரம்பித்தால், "மொதல்ல போயி காதைக் காட்டுங்க" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுகிற ஆள் நான். சொந்தக்காரர்களுக்கு நடுவில் எனக்கு வாய்க்கொழுப்பு பிடித்தவள் என்றுதான் பெயர். அப்படிப்பட்ட நானே இதைச் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டு நினையுங்கள்.

எனக்கு வீடு வாடிப்பட்டியில். தினமும் காலையில் ரயிலில்தான் மதுரைக்குப் போவேன். சீசன் டிக்கெட்காரர்களில் சிலர் சீட்டாடுவார்கள், சிலர் பூக் கட்டுவார்கள், நாங்கள் மூன்று பேர் நாவல் பேசுவோம். என்னோடு வாடிப்பட்டியில் ஏறுகிற பாண்டி அண்ணன் ஒரு மில்லில் எலக்ட்ரீசியன். அவருக்குச் சரித்திர நாவல்தான் உயிர். "ராசா, கோட்டை, குதிரை இல்லாட்டி அது என்ன நாவலு?" என்பார். சோழவந்தானில் ஏறுகிற ஷமீம் பள்ளிக்கூட டீச்சர், என்னைவிடச் சின்னவள். அவளுக்குப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிற கதைகள்தான் பிடிக்கும். "கோட்டையப் பிடிக்கிறது என்னண்ணே பெரிய சண்டை? பதினாலு வயசுல ஒரு புள்ள வீட்டு வாசலத் தாண்டுறதுதான் பெரிய சண்டை" என்று அவரை மடக்குவாள். எனக்கு இரண்டும் பிடிக்கும், யார் ஜெயித்தாலும் எனக்குப் படிக்க ஒரு புத்தகம் கிடைத்துவிடும்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒரு நாவலைச் சிபாரிசு செய்கிறவர் அதன் கதையைச் சொல்லிக்கொண்டே வரலாம், ஆனால் மதுரை ஸ்டேஷனுக்கு முன்னால் வண்டி வைகைப் பாலத்தில் ஏறி அந்தத் தடதடச் சத்தம் கேட்ட உடனே வாயை மூடிவிட வேண்டும். எவ்வளவு முக்கியமான கட்டமாக இருந்தாலும் சரி, சிக்னலுக்காக வண்டி பாலத்திலேயே நின்றாலும் சரி, அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. மீதி வேண்டுமென்றால் புத்தகத்தை வாங்கிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். யாராவது அன்றைக்கு லீவு என்றால் அவர்களுக்காகக் கதையைப் போனில் பதிவுசெய்து அனுப்பிவிடுவோம்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பிறந்தது சோழவந்தான் பக்கம், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கூலி வாங்கின குடும்பம். அவர் வாழ்நாளில் ரயில் ஏறினதே கிடையாது. எங்கே போவதானாலும் பஸ்தான், கேட்டால் "எனக்கு ஆகாது" என்பார், அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் தண்டவாளம். வண்டி போகிற சத்தம் கேட்டால் அம்மா செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, வண்டி மறைகிறவரை உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து நான் கேட்டதே இல்லை.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் பாண்டி அண்ணன் வரவில்லை. சோழவந்தானில் ஷமீம் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னாலேயே ஒரு பெண்பிள்ளை ஏறி எனக்கு எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என் வயது இருக்கும், சாதாரண நூல் சேலை, பாதத்தில் ஈர மண் ஒட்டியிருந்தது, வெற்றிலைக் கட்டைப் பிரித்தால் வருமே ஒரு பச்சை வாசம், அது அவளிடம் அடித்தது. இதெல்லாம் எனக்கு நேற்றுப் பார்த்த மாதிரி ஞாபகம் இருக்கிறது. அவளே பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க கதை பேசுறவுகளாமே. நானும் ஒண்ணு சொல்லட்டா?"

"சரித்திரக் கதையா, பிள்ளைங்க வளர்ற கதையா?" என்று கேட்டேன்.

"ரெண்டுந்தான்" என்றாள்.

அவள் சொன்ன கதை இதுதான். மழை இல்லாமல் ஊரே வற்றிக் கிடந்த ஒரு காலம். ஆற்றங்கரைக் கொடிக்காலில் வேலை பார்க்கிற, தாயில்லாத இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் அப்போதுதான் வயசுக்கு வந்திருக்கிறாள். குச்சு கட்டி உட்காரவைத்த இடத்தில், தகப்பன் அவளை இரண்டு பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒரு கிழவனுக்குப் பேசி முடித்துவிட்டான் என்று காதில் விழுகிறது. மதுரை மில்லில் ஒரு அத்தை வேலை பார்க்கிறாள், அவளிடம் போய்விட்டால் வேலை கிடைக்கும், பிறகு சின்னவளையும் கூட்டிக்கொள்ளலாம் என்று பெரியவள் முடிவு பண்ணுகிறாள். விடியற்காலையில் சின்னவளைத் தூக்கிக்கொண்டு சோழவந்தான் ஸ்டேஷனுக்கு வருகிறாள். இரண்டு பேரும் போனால் பிடித்துவிடுவார்கள் என்று பயம். சின்னவளை பெஞ்சில் உட்காரவைத்து, "பூச்சி, அழுகாம எண்ணிக்கிட்டே இரு, எண்ணி முடிக்கங்குள்ள அக்கா வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுகிறாள். அந்தப் பிள்ளைக்குப் பத்து வரைக்கும்தான் எண்ணத் தெரியும். பத்து முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறது. வண்டியில் போகிற பெரியவளுக்கு மனசு கேட்கவில்லை, எழுந்து கதவுப் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அன்றைக்கென்று வைகையில் தண்ணீர் வந்திருக்கிறது, வண்டி பாலத்தில் ஏறுகிறது...

அந்த நேரம் எங்கள் வண்டியும் பாலத்தில் ஏறிவிட்டது. அவளும் அதோடு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரையில் எல்லோரும் முண்டியடித்து இறங்குகிற கூட்டத்தில் அவளைத் தவறவிட்டுவிட்டேன், நாவலின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

சாயங்கால வண்டியில் ஷமீமிடம் கேட்டேன். "காலையில அந்தம்மா சொன்ன நாவல் பேரு என்ன? ஒனக்காச்சும் தெரியுமா?"

"எந்தம்மாக்கா?"

"நமக்கு எதுக்க உக்காந்திருந்துச்சே, சன்னல் சீட்டுல."

ஷமீம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதுல என் கைப்பையத்தானக்கா வச்சிருந்தேன். யாரும் உக்காரல. கதை சொன்னது நீங்கதான்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "விளையாட வேற ஆள் கெடைக்கலையா ஒனக்கு?" என்று கத்திவிட்டேன், பக்கத்தில் சீட்டாடினவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போனை எடுத்து, பாண்டி அண்ணனுக்காகப் பதிவு செய்திருந்ததைப் போட்டுக் காட்டினாள்.

என் குரல். "சரித்திரக் கதையா, பிள்ளைங்க வளர்ற கதையா?" என்று நான் கேட்கிறேன். "ரெண்டுந்தான்" என்று பதில் சொல்வதும் என் குரலேதான். நான் படபடவென்று பேசுகிறவள், வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ் வரும். அதில் என் குரல் நிதானமாக, ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட இல்லாமல், அந்தப் பெண் பேசின மாதிரியே பேசிக்கொண்டு போகிறது. கடைசியில் பாலத்துச் சத்தம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

"பாலம் வந்தும் நீங்க நிறுத்தலக்கா" என்றாள் ஷமீம். "வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல. என்னக்கா சட்டத்த மீறுறீங்கன்னு தொடையத் தட்டினேன், நீங்க திரும்பவே இல்ல."

நம்பினால் நம்புங்கள், மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் என் ரத்தத்தை நானே எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். சர்க்கரை, உப்பு, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தது. ஏதோ அசதியில் கனவு கண்டு உளறியிருக்கிறேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ரயிலில் ஒரு பெண்பிள்ளை சொன்ன நாவல் என்று கதையை மட்டும் சொன்னேன். பெஞ்சும் எண்ணுவதும் வந்தபோது அம்மாவின் கை நின்றுவிட்டது.

"அந்தப் புள்ளைய அக்காகாரி என்னன்னு கூப்புட்டா?"

"பூச்சின்னும்மா."

அம்மா முறத்தைத் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எங்கள் அப்பா செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தாள், சின்ன வயதிலேயே காய்ச்சலில் செத்துப்போனாள் என்பதுதான் நான் கேள்விப்பட்டது. காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை, தகப்பன் ஊருக்குச் சொன்ன பொய் அது என்று அம்மா அன்றைக்குத்தான் சொன்னார். அக்காவின் பெயர் பேச்சி. அம்மாவைப் பூச்சி என்று கூப்பிட்டது உலகத்திலேயே அவள் ஒருத்திதான். அம்மா சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். மில்லில் இருந்த அத்தையோ அவள் வரவே இல்லை என்று சொல்லிவிட்டாளாம்.

"அன்னிலருந்து வண்டி போறப்பயெல்லாம் எண்ணுறேன்டி. நிறுத்துனா அவ வராமப் போயிருவாளோன்னு பயம்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு மலரு, அப்பறம் என்னாச்சு? எறங்குனாளா, விழுந்துட்டாளா? புத்தகத்துல என்ன போட்டுருக்கான்?" என்று கேட்டார்.

"பாலம் வந்துருச்சும்மா. அதோட நின்னுபோச்சு."

அதைச் சொல்லும்போது எனக்கு வந்த வேதனை இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது? எங்கள் சட்டத்தை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. இம்புட்டு வருஷம் காத்திருந்தவருக்குக் கதையின் வாலை மட்டும் மறைத்துக் காட்டின மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த நாவலைத் தேடாத இடமில்லை. பாண்டி அண்ணன் பழைய புத்தகக் கடைகளில் எல்லாம் கதையைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார், நூலகங்களில் விசாரித்தார், அப்படி ஒரு நாவலை யாருக்கும் தெரியவில்லை. நான் தினமும் சோழவந்தானில் வண்டி நின்றதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்தப் பெண்ணைத் தேடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிற்பார். "இன்னிக்கி வந்தாளா?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய்விடுவேன், அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். கதை சொன்னது நான்தானாம், ஆனால் நான் இல்லை என்று உளறினேன். ஷமீமிடமிருந்து வாங்கி வைத்திருந்த பதிவைப் போட்டு அம்மா கையில் போனைக் கொடுத்தேன். அம்மாவுக்கு ஒரு காது மந்தம், நல்ல காதில் வைத்துக்கொண்டார். பூச்சி என்று வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். பாலத்துச் சத்தம் ஆரம்பித்ததும், "அம்புட்டுதாம்மா" என்று போனை வாங்கக் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கண்ணை மூடியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உம்" என்றார். சின்னப் பிள்ளைகள் கதை கேட்கும்போது உம் கொட்டுமே, அப்படித்தான். மறுபடியும் "உம்". நடுவில் ஒரு தடவை "அய்யோ" என்றார், பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கடைசியில், "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்தார்.

போனை எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன். "என்னம்மா கேட்டுச்சு?"

"அதான் சொல்றாள்ல."

"எனக்குப் பாலத்துச் சத்தம் மட்டுந்தாம்மா கேக்குது."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஒனக்கு அம்புட்டுதான். மீதி எனக்குச் சொன்னது" என்றார். "பசிக்குது, சோத்தப் போடு" என்று சொல்லி எழுந்துவிட்டார். நானும் அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், இன்றைக்குவரை ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. பேச்சி பெரியம்மா ஆற்றில் போனாளா, எங்கேயாவது பிழைத்துப் பிள்ளை குட்டி பெற்றாளா, எதுவும் எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் வண்டி போனபோது அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை, உதடும் அசையவில்லை. அதற்குப் பிறகு அவர் எண்ணவே இல்லை. இப்போது நன்றாகத் தூங்குகிறார். பஸ் ஸ்டிரைக் அன்றைக்கு என்னோடு ரயிலில் மதுரைக்குக்கூட வந்தார். பாலத்தில் போகும்போது முந்தானையில் முடிந்திருந்த கொழுந்து வெற்றிலையை எடுத்து ஆற்றில் போட்டுவிட்டு, "அந்தச் சன்னல மூடு, காத்து அடிக்குது" என்றார்.

ஷமீம் தன் போனிலிருந்து அந்தப் பதிவை அழித்துவிட்டாள். பாண்டி அண்ணன், "வேணாந் தங்கச்சி, நீயும் அழிச்சிரு" என்கிறார். என்னால் முடியவில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். வண்டி பாலத்தில் ஏறுகிறது, சத்தம் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது, நான் கேட்டுக் களைத்துப்போய் நிறுத்துகிறவரை ஓடுகிறது. தினமும் அதன்மேல் போய் வருகிறவள் சொல்கிறேன், வைகைப் பாலம் அவ்வளவு நீளம் கிடையாது.