ஏழு தலைவர்களும் ஒரு சாவியும்

"வெள்ளிக்கிழம பத்து மணிக்கு நான் வாறது. ஏழு பேர் கையெழுத்து வேணும். சாவி வச்சிக்க ஒரு ஆள் வேணும். இல்லாட்டி கட்டடம் டூரிஸ்ட்டுக்கு" என்றார் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை. அன்று திங்கட்கிழமை.

கந்தப்பளை – உடப்புசல்லாவை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நூதனசாலை, அதாவது பழம்பொருள் காட்சியகம், வைக்க வேண்டும் என்று ஊர் முழுக்கப் பேசிப் பேசி, கடைசியில் ஆள் சேர்க்கிற வேலை என் தலையிலேயே விழுந்தது. நீங்களும் உங்கள் தோட்டத்தில் ஒன்று தொடங்க நினைத்தால், நான் விழுந்த குழியைப் பார்த்து நடங்கள்.

தொரை சொன்ன கட்டடம் பழைய பிள்ளைக்காம்பரா. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போன இடம். புதியது கட்டிய பிறகு சும்மா கிடந்தது. அது கையை விட்டுப் போனால், சனங்கள் நம்பித் தந்த சாமான்களுக்கு வேறு கூரை இல்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துத் தராசு, கிழிந்த கூடை, தப்பு மேளம் எல்லாம் என் வீட்டு முன் அறையில்தான் குவிந்திருந்தன.

"இந்த வீட்டுல நம்பர் ஒட்டாத பொருளு நா ஒருத்திதான். எனக்கும் ஒண்ணு ஒட்டிருங்க" என்றாள் என் மனைவி.

1. ஏறுங்க, சீட் இருக்கு

முதலில் ஓய்வு பெற்ற கங்காணி ஆறுமுகம் அண்ணனிடம் போனேன். நூதனசாலைக்குக் கையெழுத்துப் போடும் அறங்காவலர் சபையில் உறுப்பினராக வாருங்கள் என்றேன்.

"உறுப்பினரா? கோயில் கமிட்டியில முப்பது வருசம் உறுப்பினரா இருந்துட்டேன் தம்பி. சாமிக்கே என் பேரு தெரியாது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் எந்தச் சங்கமானாலும் மாலை தலைவருக்கு. வாங்குப் பெஞ்சு தூக்குவது உறுப்பினர். நான் வாய் தவறி, "அப்ப தலைவரா வாங்களேன் அண்ணே" என்றுவிட்டேன். மனிதர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார்!

ஐம்பது பேர் தொங்கிக்கொண்டு வரும்போதும் "ஏறுங்க, சீட் இருக்கு" என்று கூவிப் பழகிய வாய் இது. அடுத்த வீட்டிலும் தலைவராக வாருங்கள் என்றேன். டீச்சரம்மாவிடமும் சொன்னேன். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஜமால்தீன் நானா (எங்கள் ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம்), "தலைவருன்டா வாறேன். ஆனா ஜும்மா தொழுகைக்கு முந்தி முடிச்சிரணும்" என்றார். வியாழக்கிழமை மாலைக்குள் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். என் திறமையை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

2. நேர்முகத் தேர்வு

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. காவலாளர் வேலைக்கு விண்ணப்பித்தவர் ஒரே ஒருவர், ஓய்வு பெற்ற கொழுந்துக்காரி பாக்கியம் அக்கா. வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தார். சபை கூடி அவரைக் கேள்வி கேட்பதாக ஏற்பாடு.

ஏழு பேரும் வந்தார்கள். இரண்டு பேர் மாலையைத் தாங்களே வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆறுமுகம் அண்ணனின் மருமகன் பட்டாசோடு நின்றார். உள்ளே கை வைத்த நாற்காலி ஒன்றுதான். ஏழு பேரும் அதை நோக்கி நடந்தார்கள். அங்கே போய் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கண்டக்டரு, ஒரே சீட்டுக்கு எத்தன டிக்கட் கிழிச்சீங்க?" என்றார் நானா.

ஆறுமுகம் அண்ணன் குடையை எடுத்தார். "நா வாறேன்." அவர் போனால் ஆறு. ஆறு கையெழுத்தைத் தொரை தொடமாட்டார்.

அப்போது பாக்கியம் அக்கா உள்ளே வந்தார்.

"உக்காருங்கண்ணே. சாவி என் இடுப்புல இருக்கப் போவுது. நா யாரு பேச்ச கேக்கணும்னு தெரிய வேணாமா? ரெண்டு கங்காணிக்கு ஒருத்தி கொழுந்தெடுத்தா கூடையும் நெறையாது, கணக்குல சம்பளப் பேரும் விழாதும்பாங்க. நீங்க ஏழு பேரு. வாரத்துக்கு எத்தன நாளு?"

"ஏழு" என்றார் நானா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"அப்ப ஆளுக்கு ஒரு நா தலைவரு. பெரட்டுக்கு நில்லுங்க!"

பெரட்டு என்றால் காலையில் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. வாழ்நாளெல்லாம் பெரட்டில் நின்ற கால்கள், நானாவையும் டீச்சரம்மாவையும் தவிர எல்லோரும் யோசிக்காமல் வரிசையாகிவிட்டார்கள். நானா அவர்களைப் பார்த்துக் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டார். டீச்சரம்மா குட்டை நெட்டை பார்த்து வளர்த்திப்படி நிற்கலாமா என்று கேட்டார்.

"அன்னன்னைக்கி தலைவரு சன்னல தொறந்து விடணும், இல்லாட்டி ஈரத்துக்குப் பூஞ்சணம் புடிச்சிரும். கூட்டணும். வந்தவங்களுக்குக் கத சொல்லணும். நா சாமான பாத்துக்குவேன்."

"தலைவரு வெளக்கமாறு புடிக்கவா?" ஆறுமுகம் அண்ணனின் குடை மறுபடியும் அசைந்தது.

"நான் கடையில தெனமும் புடிக்கிறேன். நான் மொதலாளி இல்லியா?" என்றார் நானா.

அண்ணன் குடையைச் சுவரில் சாய்த்தார். "எனக்கு வெள்ளிக்கிழமய போடு" என்றார். நானா ஜும்மாவுக்காக வியாழனை எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கும் நாள் விழுந்தது.

சரியாகப் பத்துக்குத் தொரை வந்தார். வரிசையைப் பார்த்துத் திகைத்து, "யாரு தலைவர்?" என்றார்.

"நாந்தாங்க!" ஏழு குரல்.

தொரை என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஏதோ இருப்பது போலப் பார்த்தேன்.

"இன்னைக்கி வெள்ளிக்கிழமைங்க தொரை. இன்னைக்கி ஆறுமுகம் அண்ணேன்" என்றார் பாக்கியம் அக்கா. விஷயம் புரிந்ததும் தொரை சிரித்த சிரிப்பில் அவருடைய சாரதியே எட்டிப் பார்த்தார். ஏழு கையெழுத்தும் விழுந்தது. பட்டாசும் வெடித்தது. சாவி பாக்கியம் அக்காவின் இடுப்புக்குப் போனது.

3. கற்றுக்கொண்டது

அவரிடம் நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. தேர்வு எங்களுக்குத்தான் நடந்திருக்கிறது.

பதவியைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆள் வரும். வேலையைக் கையில் கொடுத்தால்தான் ஆள் நிற்கும். சபைக்கு ஆள் தேடும் முன்னால், அங்கே வேலை செய்யப் போகிறவரைக் கூப்பிட்டு, அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை ஆறுமுகம் அண்ணனுக்குக் காய்ச்சல். மருமகன் மூலம் சொல்லியனுப்பினார்:

"சன்னல வேணும்னா யாராச்சும் தொறந்து விடுங்க. வெளக்கமாத்த மட்டும் தொடாதீங்க. சனிக்கிழம தலைவருகிட்ட நா பேசிக்கிறேன், நாளைக்கி நானே வந்து கூட்டிக்கிறேன்."