மகஜரை ஏற்றாத வான்

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கட்டைபறிச்சானுக்குப் போனேன். சுற்றுலா அல்ல. அடுத்த பெருந்தொற்றுக்கு ஊர்களை ஆயத்தப்படுத்தும் ஒரு சிறிய அமைப்பில் வேலை செய்கிறேன். நீங்களும் இப்படியான வேலையாக அந்தப் பக்கம் போவதென்றால் நான் விட்ட பிழையை விடாதீர்கள்; அதற்காகத்தான் எழுதுகிறேன்.

திருகோணமலை நகரில் மதியம் 1.15க்கு எங்கள் அமைப்பின் வான் புறப்பட்டது. கிண்ணியாப் பாலம், மூதூர் வழியாக 46 கிலோமீற்றர், 2.40க்குச் சேர்ந்தோம். பஸ்ஸில் போனால் மூதூரில் இறங்கி ஓட்டோ பிடிக்க வேண்டும். 500 ரூபாய் கேட்பார்கள், பேசிப் பாருங்கள். பன்னிரண்டு ஆசன வானில் நானும் சாரதி ரிஸ்வானும் மட்டும். கொழும்பிலிருந்து மேலாளர் வழியெல்லாம் போனில் ஒரே பாட்டு: அட்வகசி செய்யலாம், லொபியிங் கூடாது. அதாவது, ஆயத்தம் ஏன் தேவை என்று பொதுவாக விளக்கலாம். இன்ன அதிகாரி இன்ன முடிவை எடுக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது. நிதி தருபவர்களின் விதியாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஊர் வாசிகசாலையில் என் பேச்சைக் கேட்க இருபது பேர் காத்திருந்தார்கள். முன்வரிசையில் சிவமலர் அக்கா. கொரோனா நேரம் அவருடைய கணவரை ஒட்சிசன் இல்லாமல் நகருக்கு ஏற்றிப் போக, பாதிவழியில் உயிர் போய்விட்டது. பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரிக்கு ஒட்சிசனுடன் நான்கு கட்டில் வார்ட் வந்தது அதற்குப் பிறகுதான். இப்போது அதைப் பழைய கோப்புகள் வைக்கும் அறையாக்கப் போகிறார்களாம். மறுநாள் காலை நகரில் மாவட்டக் கூட்டத்தில் முடிவு. அக்காவின் கையில், வார்டை எடுக்க வேண்டாமென்று ஊரே கையெழுத்து வைத்த மகஜர்.

"தம்பி, நாங்கள் ஆறு பேர் இப்பவே உங்கட வான்ல வாறம். டவுனில தங்கச்சி வீட்டில நிண்டிட்டு விடிய கூட்டத்துக்குப் போவம்."

"ஏலாது அக்கா. நாங்கள் பொதுவாத்தான் கதைக்கலாம்."

"பொதுவா ஒருத்தருக்கும் மூச்சு நிக்கிறேல்லைத் தம்பி."

மேலாளருக்குப் போன் எடுத்தேன். பதறியடித்து மறுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அக்காவிடம் முடியாது என்றே சொன்னேன். பத்து வெறும் சீட்டோடு திரும்பினோம். ரிஸ்வான் கிண்ணியாவில், "சும்மா போற வான்தானே சேர், ஏத்தினா என்ன குறைஞ்சா போகும்?" என்றார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு, அதே மாவட்டக் கூட்டத்துக்கு அழைப்புப் பெற்ற பேச்சாளராக மண்டபத்தில் இருந்தேன். ஆயத்தம் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன், கை தட்டினார்கள். அடுத்த விடயமே அந்த வார்ட். யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டே நிமிடத்தில் அது கோப்பறை ஆகிவிட்டது.

6.30 பஸ் வராததால் அக்காவும் மற்றவர்களும் 10.20க்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அக்கா."

"நீங்கள் உள்ளுக்கதானே இருந்தனீங்கள்?"

அன்று பின்னேரம் நிதி தருபவர்களின் விதிக்கோவையை முதன்முறையாக முழுதாக வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது: மக்கள் தங்கள் கோரிக்கையைத் தாங்களே கொண்டுபோக வாகனம் கொடுப்பது லொபியிங் ஆகாது. மேலாளரும் அதை வாசித்திருக்கவில்லை. எரிச்சலில் போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

ஆகவே, போகிறவர்களுக்கு: காலைப் பஸ்ஸை நம்பிக் கூட்டம் வைக்காதீர்கள். விதியைப் போனில் கேட்காமல் கண்ணால் வாசியுங்கள்.

போன கிழமை மன்னிப்புக் கேட்க அக்காவுக்குப் போன் எடுத்தேன். அடுத்த முறை வான் அனுப்புகிறேன் என்றும் சொன்னேன்.

"அடுத்த கூட்டம் எப்பவெண்டு மட்டும் சொல்லுங்கோ தம்பி. நாங்கள் முதல் நாளே வந்து நிப்பம். உங்கட வான் வேண்டாம்."