நூத்தி நாப்பது தெருவுக்கும் ஒரே அக்கா

குடிநீர் ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரிக்கு நாங்க வெச்ச பேரு நூறுகை. தண்ணி நிறுத்தினா தெருத்தெருவா வீடுகளுக்கு மெசேஜ் அனுப்புறது அவ வேலை. நூத்தி நாப்பது தெரு, தெருவுக்கு ஒரு வரி. நான் உக்காந்தா ஒவ்வொரு வரியா திருத்தி, சாயங்காலத்துக்குள்ள கழுத்து பிடிச்சுக்கும். அவ என்னடான்னா ரெண்டு பட்டனை அழுத்துவா, எல்லா வரிக் கடைசியிலயும் கர்சர் நின்னு கண்ணடிக்கும். ஒரு தடவை தட்டினா நூத்தி நாப்பது இடத்துல எழுத்து விழும். முடிச்சுட்டு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பா பாருங்க, பத்திக்கிட்டு வரும் எனக்கு.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு சொந்த அக்காகிட்ட மட்டும் பாச்சா பலிக்கல. அக்காவோட ஆபரேஷன் அன்னிக்கு "காலையிலயே வந்துடுறேன்"னு சொல்லிட்டு, இந்தப் பாவி வேலையில மூழ்கிட்டா, ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்ல. மூணு வருஷமாச்சு. அக்கா வீடு நாலு தெரு தள்ளிதான். போனா கதவு திறக்காது. இவ நம்பரையும் பிளாக் பண்ணியாச்சு. தினம் சாப்பாட்டு நேரத்துல கம்ப்யூட்டர்ல அக்காவுக்குக் கடிதம் எழுதுவா, அழிப்பா. "எதுக்குடி இந்த வெட்டி வேலை?"ன்னு கேட்டா முகம் சுருங்கிடும். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா வாய் சும்மா இருக்காதே.

அன்னிக்கு பெரிய குழாய் உடைஞ்சு ஊருக்கே தண்ணி கட். எல்லா வரியும் தயார். கடைசியில ஒட்டறதுக்கு "சிரமத்துக்கு வருந்துகிறோம்"ங்கிறதை காப்பி பண்ணி வெச்சிருந்தா. நடுவுல அக்கா கடிதத்தைத் திறந்து ரெண்டு வரியை வெட்டி வேற இடத்துல ஒட்டினா. இப்ப காப்பியில இருக்கிறது அந்த ரெண்டு வரிங்கிறதை மறந்தே போயிட்டா. திரும்பி வந்து ஒரே அமுக்கு. வரி நீளம், ஒட்டினது திரைக்கு வெளியில போய் விழுந்துது. படிக்காம அனுப்பிட்டா.

ஊரே படிச்சுது: "நாளை குடிநீர் வராது. அக்கா, அன்னிக்கு நான் வராதது தப்புதான். ஒரு தடவை என்கூட பேசு."

அய்யோ, அப்புறம் போன் ஓயவே இல்ல. எடுக்கிறது நான்தானே! ஒரு பெரியவர், "எனக்கு அக்காவே கிடையாதும்மா, நான் பேசணுமா?"ன்னார். ஒரு அம்மா, "சரி, மன்னிச்சுட்டேன், தண்ணியை விடு"ன்னாங்க. மேனேஜர் இவ தலைமேல நின்னு ஆபீஸ் அதிர கத்திக்கிட்டிருந்தார்.

"வேலை போனா போகட்டும்டி," இவ முகத்தைப் பொத்திக்கிட்டா. "ஊர் சிரிக்க வெச்சுட்டேன். அக்கா இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டா."

முப்பதாவது போனுக்கு என் பொறுமை போச்சு. எடுத்ததுமே, "தண்ணி நாளன்னிக்குத்தான் வரும், அக்காவைப் பத்தி எதுவும் கேக்காதீங்க!"ன்னு கத்தினேன்.



"நான்தாம்மா அவ அக்கா," ஒரு பொம்பளைக் குரல். "பின்னாடி கத்துறது யாரு? என் தங்கச்சியையா திட்டுறாரு?"

"ஆமாங்க, எங்க மேனேஜர்."

"போனை அந்த ஆள்கிட்ட குடு."