டிசம்பர் விருந்தாளிகளும் ஒரு பித்தளைப் பில்லையும்

போன வாரம் பங்காருபேட்டைக் கடைத்தெருவில் ஒருவன் மழைச்சட்டைகளைக் கயிற்றில் மாட்டி விற்றுக்கொண்டிருந்தான். நான் வாங்கப் போனது வெங்காயம். ஆனால் அந்தச் சட்டைகளைத் தாண்டும்போது ஆளிவிதை எண்ணெய் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. கால் நின்றுவிட்டது. "பாட்டிம்மா, உங்களுக்கு இது நீளம், சின்னது காட்டட்டுமா?" என்றான் கடைக்காரன். வேண்டாமப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. பாவம், மழைச்சட்டையைப் பார்த்து அழுகிற கிழவியை அவன் எங்கே பார்த்திருக்கப் போகிறான். வெங்காயத்தையும் மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த வாடையில்தான் என் வாலிபம் போயிற்று. சிவசமுத்திரத்திலிருந்து கரண்டு வருவதற்கு முந்திய காலம் அது. தங்கவயலில் எல்லாமே நீராவியும் மெழுகுவத்தியும்தான். குடியாத்தத்துப் பக்கம் கட்டினவரைப் பறிகொடுத்துவிட்டு, நெற்றியும் கையும் வெறுமையாக நான் உட்கார்ந்திருந்தபோது, "அங்க குந்திகினு இன்னா பண்ணப் போற, வாக்கா" என்று என் தம்பி மாசிலாமணி வந்து கூட்டிக்கொண்டு போனான். அப்பன் ஆத்தாள் இல்லாமல் என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அவனுக்கு. எனக்கும் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தான். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் என்று அவன் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டதன் பலன். என் இங்கிலீஷ் நீத்தண்ணீரில் கிடக்கும் பருக்கை மாதிரி, துழாவினால்தான் அகப்படும். அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். விருந்தாளிகளுக்குச் சட்டை மாட்டுகிற வேலை.

உங்களுக்குச் சொன்னால் சிரிப்பு வரும். டிசம்பர் பிறந்தால் போதும், மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் துரைகளும் துரைசாணிகளும் குளிரையும் வேடிக்கையையும் தேடி எங்கள் மேட்டுக்கு வந்து இறங்குவார்கள். நாங்கள் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்குவோம். அவர்கள் அதே குளிரில் கன்னம் சிவக்க, "ஆஹா, ஊர் ஞாபகம் வருகிறது" என்பார்கள். விடிந்ததும் பனிமூட்டத்தில் குதிரைச் சவாரி. ஒருநாள் முயல் வேட்டை. ஒருநாள் கூடை நிறையச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பூதிகோட்டைப் பக்கம் பாழடைந்த கோட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்துவிட்டு வருவது. சாயங்காலம் பந்தாட்டம், கிளப்பில் டான்ஸ். இதற்கெல்லாம் மகுடம் மாதிரி கடைசியில் ஒன்று வைத்திருந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்ப்பது.

சுரங்கத்துக்கு இறங்குகிற குழி, அதைத்தான் ஷாப்ட் என்பார்கள், அதன் வாசலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்றில் துரைசாணிகளை நான் தயார் பண்ணுவேன். பட்டுப் பாவாடைக்கு மேலே ஆளிவிதை எண்ணெய் பூசிய நீளச் சட்டை. தலையில் கெட்டித் தொப்பி. தொப்பியின் முன்புறம் ஓர் உருண்டை களிமண், அதில் குத்தி வைத்த மெழுகுவத்தி. ஏசுநாதர் பிறந்த மாசத்தில் இத்தனை மெழுகுவத்திகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் சர்ச்சுக்குப் போகிற கூட்டம் என்றே நினைப்பீர்கள். கீழே இறக்குகிற கேஜ் கூண்டுக்குள் காலை வைத்ததும் கீச்சென்று கத்துவார்கள். பொம்பிளை உள்ளே இறங்கினால் சுரங்கத்துக்கு ஆகாது என்று எங்களை வாசலோடு நிறுத்தின ஊர் அது. துரைசாணிகளுக்கு அந்தத் தீட்டு எப்படிப் போயிற்றோ, நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

கீழே அவர்களுக்காகவே ஓர் இடம் வைத்திருந்தார்கள். வெள்ளைக் கல்லில் தங்கம் கண்ணுக்குத் தெரிகிற இடம். மற்ற இடங்களில் நாள் பூராவும் உடைத்தாலும் மண்ணும் புகையும்தான். அங்கே மட்டும் விளக்கைக் காட்டினால் கல் மினுக்கும். அதை வெட்டாமல் சீசன் முடியும் வரை காப்பாற்றுவார்கள். வழியில் பலகை போட்டு, கைபிடிக்கக் கயிறு கட்டி, வருகிறவர்களுக்கு விளக்கு பிடிப்பது மாசிலாமணி வேலை. சிரித்த முகம், வாயைத் திறந்தால் பாட்டு. அதனால்தான் சுரங்கத்தை நடத்துகிற கேப்டன் துரை வருஷா வருஷம் அவனையே போட்டார். "நீ சட்டை மாட்டி உடற, நான் வேடிக்கை காட்றேன். நம்ம ரெண்டு பேரும் கூத்தாடிங்கதான்க்கா" என்பான்.

சுரங்கத்தில் வேலை செய்கிற ஒவ்வொருத்தனுக்கும் நம்பர் அடித்த பித்தளைப் பில்லை ஒன்று உண்டு. இறங்கும்போது ஷாப்ட் ஆபீஸ் ஜன்னலில் வாங்கிக்கொள்வான், ஏறினதும் திருப்பிக் கொடுப்பான், கணக்கு எழுதுகிற ரைட்டர் அதைப் பலகையில் அடித்த ஆணியில் மாட்டுவார். காலியாக இருக்கிற ஆணிக்கு ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரம் பேர் உயிருக்கு அந்தப் பலகைதான் சாட்சி.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம். அன்று காலை கஞ்சி குடிக்கும்போது மாசிலாமணி, "ஷிப்ட் முடிஞ்சதும் அப்படியே பங்காருபேட்டை பூட்டு வரேன்க்கா. ஸ்டாருக்கு கலர் பேப்பர் வாங்கணும். லேட்டானா சிநேகிதன் வூட்லயே படுத்துக்குவேன், நீ குந்திகினு இருக்காத" என்றான். தை பிறந்ததும் ஆம்பூரில் அவனுக்குப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பேச்சு அதில் வந்து விழுந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அன்று வந்த கூட்டத்தில் நீலக் கண்ணாடி போட்ட மெட்ராஸ் துரைசாணி ஒருத்தி. நல்ல மனசு. எனக்குக் கூடத் 'தேங்க்ஸ்' சொன்னாள். உச்சி வேளைக்கெல்லாம் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் கரி. எண்ணெய்ச் சட்டைகளை உருவி, துடைத்து, மாட்டிக்கொண்டிருந்தேன். அவளிடம் காவல்கார சிப்பாய் ஏதோ சொல்வதும், அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கையிலிருந்ததைக் கொடுப்பதும் கண்ணில் பட்டது. துரைசாணியானாலும் சோதனை சோதனைதான், கல் கில் எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் பூமி அதிர்ந்தது. கீழே அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால் மேலே வீட்டுச் சாமான் உருளும். உறியில் இருந்த சட்டி விழுந்தால், எங்கள் ஊர்ப் பெண்கள் சட்டியைப் பார்க்கமாட்டார்கள், ஷாப்டைப் பார்த்து ஓடுவார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன், முதல் ஆளாக ஜன்னலில் போய் நின்றேன். ரைட்டர் பலகையைப் பார்த்துவிட்டு, "உன் தம்பி பில்லை ஆணியில கீது தாயீ. மேல வந்துட்டாரு, போ போ, வழி உடு" என்றார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. என்னைச் சுற்றி அத்தனை பேர் மார்பில் அடித்துக்கொண்டு கதற, நான் மட்டும் ஏசப்பாவுக்கு நன்றி சொன்னேன். அவனுடைய கூட்டாளிகளும், "வேடிக்கை காட்ற நாள்ல அவன் சீக்கிரமே ஏறிடுவான்கா, கவலப்படாத" என்றார்கள். சாயங்காலம் அவன் வரவில்லை. பங்காருபேட்டை என்றானே. ஊரே செத்துக் கிடக்கும்போது கலர் பேப்பர் கேட்கிறதோ இவனுக்கு என்று எனக்குக் கோபம்கூட வந்தது. மறுநாள் செத்தவர்களை அடக்கம் பண்ணினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தைரியமா இரும்மா, ஆண்டவர் பாத்துக்குவார்" என்று நான் ஆறுதல் சொன்னேன். நானேதான் சொன்னேன்.

காலியாக இருந்த ஆணிகளுக்கெல்லாம் கணக்கு ஒத்துப்போயிற்று. உயிரோடோ பிணமாகவோ ஒவ்வொரு ஆணிக்கும் ஓர் ஆள் கிடைத்துவிட்டான். கூரைப் பாறை இன்னும் அசைந்துகொண்டிருந்ததால், தோண்டுவதை நிறுத்தி, அந்தப் பக்கத்தைக் கல்லும் மரமும் திணித்து மூடினார்கள்.

அதற்கு மறுநாள் அந்தத் துரைசாணி கொட்டகைக்கு வந்தாள். கையில் அவளே பின்னிய கம்பளிக் கழுத்துத்துணி. மெட்ராஸில் பட்லரோடு பேசிப் பழகிய தமிழில் சொன்னாள்: "விளக்கு பிடிச்சான் ஒரு பையன். நல்ல பையன். ஞாபகத்துக்கு ஒரு கல்லு குடுன்னு நான் கேட்டேன். கல்லு தரமாட்டேன், போலீஸ் பிடிக்கும்னு சொல்லி, சிரிச்சிக்கிட்டு அவன் பித்தளைக் காசு ஒண்ணு குடுத்தான். மேலே சிப்பாய் அதை வாங்கிட்டான். இதை அவனுக்குக் குடு."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. சிப்பாய் பில்லையை ஜன்னலில் கொடுத்திருக்கிறான். விருந்தாளிகள் கூட்ட நெரிசலில் ரைட்டர் ஆளைப் பார்க்காமல் ஆணியில் மாட்டியிருக்கிறார். பில்லைதான் மேலே வந்தது. பலகையையும் கயிறையும் எடுத்து வைக்கத் தனியாகக் கீழே நின்ற என் பிள்ளை வரவில்லை. ஒருத்தர் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை பாருங்கள், அதுதான் என்னைக் கொன்றது. அவன் ஆசையாகக் கொடுத்தான், அவள் நாணயமாகத் திருப்பினாள், அவரவர் அவரவர் வேலையைச் செய்தார்கள்.

நான் போட்ட கூச்சலில் கேப்டன் துரையே இறங்கினார். காற்றுக் குழாயில் சுத்தியால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பது அங்கே வழக்கம். உள்ளே உயிர் இருந்தால் பதிலுக்குத் தட்டும். தட்டினார்கள், கேட்டார்கள், மறுபடி தட்டினார்கள். ஒன்றும் வரவில்லை. மூடினதைப் பிரித்தால் இன்னும் பத்துப் பேர் சாவார்கள் என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். அதுவும் நியாயம்தான்.

அதோடு விட்டிருந்தால் நான் எப்படியோ ஆறியிருப்பேன். பொங்கல் கழித்து, கல் திணிக்கிற வேலையில் இருந்த ஓர் ஆள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டேன் என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அக்கா, எனக்கு தூக்கம் வர்ல. அன்னிக்கி கல்லு அடைக்கிறப்ப, உள்ள டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சி. எல்லாருந்தான் கேட்டோம். வெடிச்ச பாறை ரெண்டு மூணு நாளு அப்படித்தான் பேசும். பாறை பேசுதுன்னு சொல்லிகினே அடைச்சிட்டோம்க்கா."

பாறை பேசும். அது உண்மை. வெடித்த பாறை அடங்குகிறவரை உள்ளுக்குள்ளே முறிந்து சத்தம் போடும், அங்கே வேலை செய்கிற எவனும் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கமாட்டான். மேலே எல்லா ஆணிக்கும் கணக்குச் சரியாக இருக்கும்போது வேறு என்ன நினைப்பார்கள்? அவர் பேசியது பாறையைப் பற்றியா, என் தம்பியைப் பற்றியா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடவுளைக் கேட்டுக் கேட்டு என் முழங்கால் தேய்ந்துவிட்டது, அவரும் சொல்லவில்லை. விளக்கு அணைந்துபோய், எத்தனை நேரம் தட்டினானோ, அக்கா வருவாள் என்று நினைத்தானோ. அந்தத் தட்டல் கேட்காத ஒரு இரவு அதற்குப் பிறகு எனக்கு விடியவில்லை. காலம் ஆற்றும் என்கிறார்களே, அப்படிச் சொல்கிறவர்கள் யாரையும் உயிரோடு வைத்து மூடியிருக்கமாட்டார்கள்.

வேலையை விட்டுவிட்டுப் பங்காருபேட்டைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் வருஷத்தில் ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு முன்னால், சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்கி அந்த ஷாப்ட் வரைக்கும் நடந்து போவேன். மற்றவர்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைக்கிற நாளில் எனக்கு வேறு எங்கே போக இருக்கிறது? முதலில் அந்த மினுக்குகிற கல்லை வெட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு கரண்டு வந்தது, மெழுகுவத்தி போயிற்று. தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். கீழே தண்ணீர் ஏறி அவன் இருந்த அடுக்கே முழுகிவிட்டதாகச் சொன்னார்கள். ரைட்டர் போனார், கேப்டன் துரை சீமைக்குப் போய்ச் செத்தார், வாசலில் வந்து நின்றவரும் போய்ச் சேர்ந்தார். மாசிலாமணி என்று பேர் சொன்னால் யார் என்று கேட்கிற ஜனங்கள்தான் இப்போது அந்தக் கம்பெனி லைன் வீடுகளில் இருக்கிறார்கள். இருந்தும் அந்த ஷாப்ட் வாயைச் சுற்றிப் போட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பேன். இருட்டிலிருந்து சூடான காற்று மேலே வந்து முகத்தில் படும். பைத்தியக்காரி என்று சொல்லுங்கள், கீழே யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அது போதும் என்று அடுத்த ரயிலைப் பிடிப்பேன்.

சென்ற டிசம்பரில் போனபோது கம்பி இல்லை. கழிவு மண்ணைக் கொட்டி ஷாப்டை நிரப்பி, மேலே சமமாக்கிப் புல் போட்டிருந்தார்கள். விருந்தாளிகள் சிலர் கன்னம் சிவக்க அங்கே பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கும் இங்கும் நடந்து, குனிந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன். எல்லா இடமும் ஒரே மாதிரி குளிர்ந்திருந்தது.